முழங்கால் தண்ணிதானே?



மாரி நெருங்கிவிட்டது. வடிகான் துப்புரவு பற்றியும் உலர் உணவு சேர்ப்பது பற்றியும் பலர் எழுதுகிறீர்கள். நல்ல விசயம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு டீச்சர். என் பங்குக்கு என்னிடம் இருப்பது ஒரு பாடம்தான். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் 'மேலுதைப்பு' என்ற பெயரில் வரும். சோதனைக்காகப் பாடமாக்கி, சோதனை முடிந்ததும் மறந்துவிடுகிற பாடம். ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறும் களப்பும் குளமும் என்று வாழும் நமக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால் வகுப்பில் சொல்வது போலவே இங்கேயும் சொல்லப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

"சில சாமான் மிதக்கிறது, சில சாமான் தாழ்கிறது. ஏன்?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "பாரம் இல்லாதது மிதக்கும், பாரமானது தாழும், டீச்சர்." பெரியவர்களிடம் கேட்டாலும் அநேகமாக இதையேதான் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு கிலோ வத்தகப்பழம் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். ஐந்து ரூபாய்க் குற்றியைப் போட்டால் தாழும். தென்னங்குற்றியை இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடியாது, ஆற்றில் விட்டால் மிதந்து போகும். சட்டைப் பையில் கிடக்கும் ஆணி தாழும்.

2021 இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆயிரக்கணக்கான தொன் இரும்பு, அத்தனை கொள்கலன்களையும் சுமந்துகொண்டு கடல் கடந்து மிதந்து வந்தது. உள்ளே தண்ணீர் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து கடலடியில் தட்டியது. அது சுமந்து வந்த அரிசி போன்ற சின்னப் பிளாஸ்டிக் மணிகளோ மிதந்து கரைக்கு வந்து குவிந்தன. அதே இரும்பு முதலில் மிதந்தது, பிறகு தாழ்ந்தது. இரும்பின் பாரம் இடையில் மாறவில்லை. அப்படியென்றால் 'பாரம்' என்ற ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் இல்லை.

பதிலைக் கையாலேயே உணரலாம். வீட்டில் ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். மூடி இறுக்கிய வெற்று ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்துக் கீழே அமுக்குங்கள். கொஞ்சம் அமுக்கினால் கொஞ்சம் தள்ளும். இன்னும் அமுக்கினால் இன்னும் பலமாகத் தள்ளும். முழுதாகத் தாழ்ந்த பிறகு எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டு போனாலும் அதே தள்ளுதான். வாளி விளிம்பு வரை நிரம்பியிருந்தால், டப்பா எவ்வளவு இடம் பிடித்ததோ அவ்வளவு தண்ணீர் வெளியே வழியும். அந்த வழிந்த தண்ணீரைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். உங்கள் கையைத் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளியதோ, அது வழிந்த தண்ணீரின் நிறைக்குச் சமன்.

பாடம் இவ்வளவுதான். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறையளவுக்குத் தண்ணீர் அதைத் தூக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் நமக்குக் கணக்கு இலகு. ஒரு லீற்றர் இடம் பிடித்தால் ஒரு கிலோ தூக்கு. நூறு லீற்றர் இடம் பிடித்தால் நூறு கிலோ தூக்கு. நீங்கள் எவ்வளவு பாரம் என்பது தண்ணீருக்குத் தெரியாது. எவ்வளவு இடம் பிடித்தீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். அந்தத் தூக்கு உங்கள் பாரத்தை மிஞ்சினால் மேலே வருவீர்கள், குறைந்தால் தாழ்வீர்கள்.

ஏன் தண்ணீர் மேல்நோக்கித் தள்ள வேண்டும் என்று சில பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அமுக்கம் கூடும். தண்ணீருக்குள் இருக்கும் பொருளின் அடிப்பக்கம் மேற்பக்கத்தை விட ஆழத்தில் இருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே அமுக்கும் விசையை விட, கீழிருந்து மேலே அமுக்கும் விசை பெரிது. அந்த மிச்சம்தான் மேலுதைப்பு. கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இது தெரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை கயிறு இலேசாக இருக்கும். வாளி வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் கைக்குப் பாரம் தெரியும்.

இனி இரும்புக் கணக்கு. இரும்பில் ஒரு லீற்றர் கனவளவு சுமார் 7.8 கிலோ. அதைக் கட்டியாகப் போட்டால் ஒரு லீற்றர் தண்ணீரைத்தான் ஒதுக்கும், ஒரு கிலோ தூக்குத்தான் கிடைக்கும். தாழாமல் என்ன செய்யும்? அதே 7.8 கிலோவைத் தட்டி, 20 லீற்றர் கொள்ளும் சட்டியாக அடித்து வையுங்கள். எட்டு லீற்றர் அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கியதுமே அது மிதக்கும். இன்னும் 12 கிலோ ஏற்றினாலும் தாங்கும். கப்பல் என்பது பெரிய சட்டி. உள்ளே இருக்கும் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் வரைக்கும்தான் அதன் மிதப்பு.

தண்ணீருக்குத் தண்ணீரும் வித்தியாசம் இருக்கிறது. கடல் நீர் ஒரு லீற்றர் சுமார் 1.025 கிலோ. அதனால் குளத்தை விடக் கடலில் சற்று இலகுவாக மிதக்கலாம். சாக்கடலில் ஒரு லீற்றர் சுமார் 1.24 கிலோ, அங்கே ஆள் தாழ நினைத்தாலும் முடியாது. என் மூத்தவாப்பா விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் விதை நெல்லைத் தெரிவு செய்யும்போது தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போவார். உள்ளே போட்ட கோழி முட்டை மேலே வந்து தலை காட்டியதும் உப்பை நிறுத்திவிடுவார். பிறகு அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரை மணியும் மிதக்கும், முற்றிய மணி அடியில் நிற்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, தாழ்ந்ததை நல்ல தண்ணீரில் கழுவி முளைக்க வைப்பார். முட்டைதான் அவருடைய அளவுகோல்.

இந்த விதியை முதலில் எழுதி நிறுவியவர் 2,200 வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆக்கிமிடிஸ். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதை அவருடைய நூலில் இல்லை, பின்னால் வந்த ரோமானியர் ஒருவர் எழுதி வைத்தது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு நம் ஆசிரியர்களும் பாடத்தை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அல்-பிரூனி உலோகங்களையும் மாணிக்கங்களையும் தண்ணீருக்குள் போட்டு, வழிந்த தண்ணீரை நிறுத்து ஒவ்வொன்றின் அடர்த்தியையும் கணித்தார். அல்-காஸினி 1121 இல் 'மீஸானுல் ஹிக்மா' என்று தராசைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். பொருளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்து, தங்கத்தில் கலப்படம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தராசு அதில் இருக்கிறது. நகை வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் இதே மேலுதைப்புத்தான் உதவியிருக்கிறது.

இதுவரை சொன்னது புத்தகம். இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் உடம்பு. மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக மிகக் கிட்ட. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தால் நம்மில் பெரும்பாலானோர் மிதப்போம். மூச்சை முழுதாக விட்டால் பலர் தாழ்வோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நுரையீரலில் உள்ள இரண்டு, மூன்று லீற்றர் காற்று மட்டும்தான். 50 கிலோ ஆள் ஒருவர் மூச்சை நிரப்பிக்கொண்டு தண்ணீருக்குள் முழுதாக இருந்தால் கிடைக்கும் உபரித் தூக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோதான். அந்த ஒன்றிரண்டு கிலோவைக் கொண்டு என்ன செய்யலாம்? முகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கலாம். மல்லாக்கப் படுத்து, காதுகள் தண்ணீருக்குள் இருக்க, வாயும் மூக்கும் வானத்தைப் பார்க்க, கை கால்களை விரித்து வைத்தால் அது போதும்.

ஆனால் தண்ணீரில் விழுந்தவர் இயல்பாகச் செய்வது என்ன? நேராக நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கத்தப் பார்ப்பார். ஒரு கை உடம்பின் நிறையில் சுமார் 5 வீதம். 50 கிலோ ஆளுக்கு இரண்டு கையும் சேர்ந்து 5 கிலோ. கைகள் வெளியே வந்ததும் அந்த 5 கிலோவையும் தண்ணீர் தாங்காது. இருந்த உபரியோ ஒன்றிரண்டு கிலோ. ஆகவே கைகள் மேலே போனால் தலை கீழே போகும். கத்தினால் மூச்சும் வெளியே போய்விடும், இன்னும் தாழ்வார். தலை தண்ணீருக்குள் போன பிறகு சத்தம் வராது. நீரில் தாழ்கிறவர் அநேகமாகச் சத்தமில்லாமல்தான் தாழ்கிறார், பக்கத்தில் குளித்துக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரிவதில்லை.

உடுப்பைப் பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. "அபாயாவும் பர்தாவும் நனைந்தால் பாரமாகி ஆளைக் கீழே இழுத்துவிடும்" என்பார்கள். துணி உறிஞ்சிய தண்ணீருக்குத் தண்ணீருக்குள் பாரம் இல்லை, கிணற்று வாளி போலத்தான். ஒரு கிலோ பருத்தித் துணி தண்ணீருக்குள் முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் அளவுக்குத்தான் இழுக்கும். கரையேறும்போதுதான் அது பாரமாகும், கை கால் அசைவுக்கும் தடையாக இருக்கும். உண்மையான ஆபத்து, உடுப்போடு போராடி மூச்சையும் பலத்தையும் வீணாக்குவது. விழுந்துவிட்டால் உடுப்பைக் களைய மல்லுக்கட்டாமல் மல்லாக்கப் படுத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். நம்ம பெண் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 2004 டிசம்பர் 26 இல் நம்ம கரையோரத்தில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகமாகப் போனார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்தன. தண்ணீரைப் பழகாமல் வளர்ந்ததும் அதில் ஒன்று.

இரண்டாவது, வெள்ளத்தில் நடப்பது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது உங்கள் காலடியில் இருப்பது உங்கள் பாரத்தில் சுமார் பாதிதான். மிச்சத்தைத் தண்ணீர் தாங்குகிறது. கழுத்தளவுக்குப் போனால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் காலடியில் இருக்கும். முழங்கால் நோவு உள்ளவர்களைத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யச் சொல்வது இதனால்தான். ஆனால் ஓடும் வெள்ளத்தில் இதே இலேசு ஆளைக் கொல்லும். நிலத்தோடு நம்மைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. உராய்வுக்குத் தேவை பாரம். பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால் கால் வழுக்கும். பக்கவாட்டில் தள்ளும் விசையோ தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்காகும். மேலிருந்து பிடி தளர்கிறது, பக்கத்திலிருந்து தள்ளு ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

மூன்றாவது, வாகனம். 2024 நவம்பர் 26 ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில், மத்ரஸாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளோடு போன உழவு மெஷின் அள்ளுப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுக்க வேண்டும். அன்று என்ன பிழை, யார் பிழை என்று எழுத நான் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒரு பெற்றார் கூட்டத்தில் ஒரு வாப்பா என்னிடம் கேட்டதைத்தான் சொல்ல வந்தேன். "டீச்சர், எனக்கு இன்னமும் விளங்குதில்ல. உழவு மெஷின் எவ்வளவு பாரமான சாமான். கார் போகாத இடத்துக்கெல்லாம் போகும். அது எப்படித் தண்ணியில அள்ளுப்படும்?"

அந்தக் கேள்வியில் மறுபடியும் 'பாரம்' இருக்கிறது. மெஷின் பாரமானது என்பது உண்மை. தண்ணீர் பார்ப்பது அது பிடிக்கும் இடத்தை. மெஷினின் பெரிய டயர் ஒன்று முழுதாக மூழ்கினால் ஏறக்குறைய 200 லீற்றர் தண்ணீரை ஒதுக்கும். உள்ளே இருப்பது காற்று. குளத்தில் நம்ம பொடியன்மார் லொறி டியூப்பில் ஏறி மிதக்கிறார்களே, அதுவேதான் இது. ஒரு டயருக்கு 200 கிலோ தூக்கு என்று வைத்தால், தண்ணீர் உயர உயரச் சில்லுகள் மட்டுமே மெஷினின் பாரத்தில் பெரும் பங்கைத் தரையிலிருந்து எடுத்துவிடும். பின்னால் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம் என்று வைப்போம். அதன் அடித்தட்டுக்கு மேலே தண்ணீர் ஏறத் தொடங்கினால், ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் 500 லீற்றருக்கு மேல் ஒதுக்கும். பலகை இடுக்குகளால் தண்ணீர் உள்ளே வரும்தான். ஆனால் வரும் வரைக்கும் தூக்கும். 500 கிலோ என்பது பத்துப் பேரின் பாரம். ஒரு சாண் உயரம்கூட இல்லாத தண்ணீர் பத்துப் பேரின் பாரத்தை இல்லாமல் ஆக்கிவிடும். பெட்டியில் ஆட்களை ஏற்றினால் பாரம் கூடும், அசையாது என்று நினைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது விளங்கும்.

கார் இன்னும் மோசம். சின்னக் கார் ஒன்றின் அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீற்றர். நிறை சுமார் 1,000 கிலோ. அடித்தட்டுக்கு மேலே 10 சென்ரிமீற்றர் தண்ணீர் ஏறினால் 500 கிலோ தூக்கு. 20 சென்ரிமீற்றர் ஏறினால் முழுப் பாரமும் முடிந்தது. கதவு இடுக்குகளால் உள்ளே தண்ணீர் நிறைவதற்குள் கார் மிதந்துவிடும். தரையிலிருந்து அடித்தட்டு வரை உள்ள உயரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஒன்றரை அடிக்கும் குறைவு. அதாவது நம்ம வாயில் இலேசாக வருகிற அந்த 'முழங்கால் தண்ணி'. மிதக்கத் தொடங்கிய வாகனத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. சில்லு தரையைத் தொட்டால்தானே அவற்றுக்கு வேலை.

வருடா வருடம் நம்ம பக்கத்தில் தாம்போதிகளுக்கு மேலால் வெள்ளம் பாயும். கிட்டங்கியில் எத்தனை முறை பாதை மறிக்கப்பட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாயும் தண்ணீருக்குக் கீழே வீதி அரித்துப் போயிருந்தாலும் மேலே இருந்து தெரியாது. "நான் இருபது வருசமா இந்த ரோட்டில் போறவன்" என்று சொல்லும் காக்காமாருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வீதியைத் தெரியும், அதில் சந்தேகம் இல்லை. வாகனம் மிதந்துவிட்டால் நீங்கள் இருப்பது வீதியில் அல்ல, ஆற்றில்.

நாலாவது, படகும் பாதையும். 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் பெரியவர்களும் உயிரிழந்தார்கள். அந்த விசாரணைக்குள்ளும் நான் போகவில்லை. பொதுவாகப் படகு எப்படிக் கவிழ்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். படகு ஒன்றுக்கு மிதப்பது மட்டும் போதாது, நிமிர்ந்தும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால், தண்ணீருக்குள் கூடுதலாகப் போன அந்தப் பக்கத்தைத் தண்ணீர் கூடுதலாகத் தள்ளி நிமிர்த்தும். பாரம் அடியில் இருந்தால் இது நன்றாக நடக்கும். பாரம் உயரத்தில் இருந்தால், அல்லது சரிந்த பக்கத்துக்கே ஆட்கள் ஓடினால், நிமிர்த்தும் தள்ளை விடக் கவிழ்க்கும் பாரம் பெரிதாகிவிடும். உள்ளே தேங்கிய தண்ணீரும் சரிந்த பக்கத்துக்கே ஓடும். வீட்டில் ஒரு சிரட்டையை மிதக்கவிட்டுப் பாருங்கள். அடியில் நாலு கல்லைப் போட்டால் அசைத்தாலும் நிற்கும். அதே கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு உயரமாக நிறுத்தி வைத்தால் தொட்டவுடன் கவிழும். கல்லின் பாரம் இரண்டு முறையும் ஒன்றுதான்.

அதனால்தான் படகில் எழுந்து நிற்காதீர்கள், ஒரு பக்கத்துக்கு ஓடாதீர்கள் என்று சொல்வது. அளவு மீறி ஏற்றுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிரித்தானியாவில் முதலாளிமார் கப்பல்களில் கண்டபடி சாமான் ஏற்றி, மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடினார். 1876 இல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் போட வேண்டும், அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும் அளவுக்கு ஏற்றக்கூடாது. திருகோணமலையிலோ கொழும்பிலோ துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் இன்றைக்கும் அந்தக் கோட்டைக் காணலாம். நன்னீர், கடல் நீர், வெப்ப வலயம், குளிர்காலம் என்று வெவ்வேறு கோடுகள்கூட இருக்கும். நம்ம ஆற்றுப் படகுகளில் அப்படி ஒரு கோடு இல்லை. நாமே கண்ணால் அளக்க வேண்டியதுதான். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லையென்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். அடுத்த தடவை வரும், அதில் போகலாம்.

இனி, நாம் செய்யக்கூடியது.

ஆளை மிதக்க வைக்கப் பெரிய சாமான் தேவையில்லை. நமக்குத் தேவைப்படும் மேலதிகத் தூக்கு நாலு, ஐந்து கிலோதான் என்று மேலே பார்த்தோம். மூடி இறுக்கிய 5 லீற்றர் வெற்றுக் கேன் ஒன்று சுமார் 5 கிலோவைத் தூக்கும். ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தல் நாலு சேர்ந்தால் 6 கிலோ. தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். பயந்தவர் உங்கள் மேலே ஏறி உங்களையும் தாழ்த்திவிடுவார். கேன், டியூப், வாழைக்குற்றி, எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். கயிறு கட்டி எறிந்தால் இன்னும் நல்லது. நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கத்துங்கள். ஆனால் படகில் போகும்போது கேன் போதும் என்று நினைக்க வேண்டாம். மயங்கிய ஆள் கேனைப் பிடிக்க மாட்டார். உடம்போடு கட்டியிருக்கும் லைஃப் ஜெக்கட்டுக்கு ஈடு அதுதான்.

நம்ம ஊர்ப் பள்ளி நிருவாகங்களிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு தடவை, ஆழமில்லாத இடத்தில், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் சுற்றி நிற்க, பிள்ளைகளுக்கு மல்லாக்க மிதக்கப் பழக்கிக் கொடுங்கள். நீச்சல் வீரராக்க வேண்டியதில்லை. கடலில் அலை உள்ள நாளில் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே பழக்கலாம். இடமும் மறைப்பும் ஒழுங்கு செய்து தந்தால் வந்து நிற்க நான் தயார். இன்னும் நாலைந்து டீச்சர்மார் வருவார்கள். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து சுனாமியை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களே, வெள்ளம் பாயும் தாம்போதியில் முதலில் இறங்குபவர் நீங்களாக இருந்தால், உங்களைப் பார்த்துப் பின்னால் இன்னும் நாலு பேர் இறங்குவார்கள். திரும்பிப் போவது வெட்கம் இல்லை. பெற்றாரே, வெள்ள நாளில் பிள்ளை எங்கே தங்கியிருந்தாலும், தண்ணீர் வடியும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒரு இரவு பிள்ளையைக் காணாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று நாம் அவசரப்படுத்துவதால்தான் மற்றவர்கள் எப்படியாவது அனுப்பிவிடப் பார்க்கிறார்கள்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தான். கப்பல் கடலில் மிதந்து செல்வதையே குர்ஆன் பல இடங்களில் அத்தாட்சியாகச் சொல்கிறது. அந்த மிதப்புக்கு ஒரு கணக்கை வைத்தவனும் அவன்தான். கணக்கை அறிந்துகொண்டு நடப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதில் ஒரு பங்குதான். கட்டிவிட்டுத்தான் தவக்கல்.

இன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரும் மூடிய வெற்றுப் போத்தலும் எடுத்துப் பிள்ளையின் கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு போத்தலுக்கே இவ்வளவு தள்ளு என்றால் ஒரு காருக்கு எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். ஃபேஸ்புக் பார்க்காத வாகனக்காரர் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். விளங்காத இடம் இருந்தால் கீழே கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் பதில் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.